பாறைக்குள் ஜலம்: ஒரு கணக்கும் ஒரு பாடமும்

(பெங்களூருவில் நடந்த மாதாந்திர உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை. பிற ஊர் அங்கத்தினர்களின் சௌகரியத்துக்காகச் சில இடங்களில் சற்று விரித்து எழுதப்பட்டுள்ளது.)



இம்மாதம் விஞ்ஞான சம்பந்தமாக ஏதாவது பேச வேண்டும் என்று நம் காரியதரிசி கேட்டுக்கொண்டார். ஐம்பது வருஷங்களுக்கு முன் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்ததோடு சரி. அப்புறம் ஆயுளெல்லாம் அரசாங்கக் கோப்புகளோடு போய்விட்டது. ஆகவே பெரிய விஞ்ஞானம் எதுவும் என்னிடம் கிடையாது. ஆனால் நான் ஒரு தப்புக் கணக்குப் போட்டேன். அந்தத் தப்பு எங்கே என்று தேடப் போய், கொஞ்சம் விஷயம் தெரிந்துகொண்டேன். அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன். போர்வெல் போட்ட அனுபவம் உள்ளவர்கள் இந்தச் சபையில் பாதிப் பேராவது இருப்பீர்கள் என்பது தெரியும்.

முதலில் என் தப்பு

எங்கள் குடியிருப்பு நகரத்தின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. 48 வீடுகள். 400 அடியில் இருந்த பழைய போரில் 2016-இலேயே ஜலம் குறைய ஆரம்பித்தது. 2017 கோடையில் இன்னொரு போர் போடலாமா என்று பொதுக்குழுவில் பேச்சு வந்தது. "ஸார் ஸயன்ஸ் படித்தவர், விசாரித்துச் சொல்லட்டும்" என்று பொறுப்பை என் தலையில் வைத்தார்கள்.

நானும் சிரத்தையாகக் காரியத்தில் இறங்கினேன். நோட்டுப் புத்தகமும் கையுமாக அக்கம்பக்கத்தில் ஆறு கட்டடங்களுக்குப் போனேன். எந்த ஆழம், எத்தனை இஞ்சு தண்ணீர் என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். ஒருவர் 2 இஞ்சு என்றார், ஒருவர் ஒன்றரை, ஒருவர் ஒன்று. கூட்டி வகுத்தால் கிட்டத்தட்ட ஒன்றரை இஞ்சு சராசரி. பொதுக்குழுவில் எழுந்து, "ஜாக்கிரதையாகக் கணக்குப் போட்டாலும் ஒரு இஞ்சுக்குக் குறையாது" என்று சொன்னேன். கைகள் உயர்ந்தன. தீர்மானம் நிறைவேறியது.

திருச்செங்கோட்டு ரிக் லாரி ஒன்று வந்தது. தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்ப்பவர் ஒருவரும் வந்து, பழைய போரிலிருந்து 40 அடி தள்ளி ஓரிடத்தைக் காட்டினார். பூஜை போட்டுத் துளைக்க ஆரம்பித்தார்கள். 300 அடி, 500 அடி, 800 அடி. வந்தது வெறும் வெள்ளைப் புழுதி. 1,100 அடியில் நிறுத்தினார்கள். நாலு லட்சத்துக்கு மேல் செலவு. ஒரு குடம் ஜலம் வரவில்லை.

யாரும் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் குடும்ப பென்ஷனில் காலம் தள்ளும் ஒரு மாமி, லிஃப்டில் பார்த்தபோது, "நீங்க சொன்னேளேன்னுதான் நானும் கையைத் தூக்கினேன்" என்று சாதாரணமாகச் சொன்னார். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

மணலும் பாறையும்

என் பூர்வீகம் கும்பகோணத்தை அடுத்த கிராமம். அங்கே கொல்லையில் எந்த மூலையில் கிணறு தோண்டினாலும் ஜலம் வரும். நம் அகத்துக் கிணற்றில் 20 அடியில் ஜலம் என்றால் அடுத்த அகத்தில் 21 அடியில் இருக்கும். காவேரி ஆயிரக்கணக்கான வருஷங்களாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல் அது. சென்னையில் திருவான்மியூர், பெசன்ட் நகர் கடற்கரை மணலிலும் இதே கதைதான். இங்கிருந்து அங்கே போகப் போக ஜலமட்டம் மெல்ல மெல்ல மாறுமே தவிர, திடீரென்று தாவாது.

பெங்களூரு அப்படியல்ல. லால்பாக் போனவர்கள் கெம்பேகௌடா கோபுரம் நிற்கும் அந்தப் பெரிய பாறையைப் பார்த்திருப்பீர்கள். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் அதைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. சுமார் 300 கோடி வருஷங்கள் வயதான நைஸ் பாறை. நம் எல்லோருடைய வீட்டுக்கும் அடியில் இருப்பது இதன் பந்துக்கள்தான். மேலே கொஞ்சம் மண். அதன் கீழே வெயிலிலும் மழையிலும் உளுத்துப்போன பாறை. அதற்கும் கீழே விரிசல் விட்ட பாறை. அதன் அடியில் கெட்டிப் பாறை. உளுத்த பாறை பஞ்சு மாதிரி ஜலத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கெட்டிப் பாறைக்குள்ளே ஜலம் கிடையாது. அதிலுள்ள விரிசலில் மட்டுமே உண்டு. விரிசலைத் தொட்டால் ஜலம். ஒரு முழம் தள்ளிப் போனால் புழுதி.

வராஹமிஹிரர் ஆறாம் நூற்றாண்டில் எழுதிய பிருஹத் ஸம்ஹிதையில், நிலத்தடி ஜலத்தைக் கண்டுபிடிப்பதற்கென்றே தகார்களம் என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. மனித உடம்பில் ரத்த நாளங்கள் மேலும் கீழுமாக ஓடுவதுபோல பூமிக்குள் ஜல நாளங்கள் ஓடுகின்றன என்று அதில் சொல்கிறார். எந்த மரத்துக்கு எந்தத் திசையில், எந்தப் புற்றுக்குப் பக்கத்தில் தோண்டலாம் என்றெல்லாம் குறிப்புகள் உண்டு. எல்லாம் நம் சாஸ்திரத்திலேயே இருக்கிறது என்று மார்தட்டிக்கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. அதில் உள்ள அடையாளங்கள் எல்லா ஊருக்கும் பொருந்தும் என்றும் சொல்ல முடியாது. ஆனால் ஜலம் ஏரி மாதிரி பரவிக் கிடக்கவில்லை, நாளமாக ஓடுகிறது என்ற அந்த ஒரு பார்வை பாறை பூமிக்கு மிகவும் பொருத்தம். நாளம் என்றாலே உள்ளே, வெளியே என்று ஒரு எல்லை வந்துவிடுகிறது. நான் என் நோட்டுப் புத்தகத்தில் கூட்டி வகுத்தபோது மறந்துபோனது அந்த எல்லையைத்தான்.

டார்ஸி என்ற இஞ்சினீயர்

ஜலம் மண்ணுக்குள் எப்படி ஓடுகிறது என்பதற்கு முதல் கணக்கைத் தந்தவர் பிரான்ஸ் தேசத்தின் டிஜோன் நகரைச் சேர்ந்த ஹென்றி டார்ஸி. நம்மைப் போல அரசாங்க உத்தியோகஸ்தர்; தம் ஊருக்குக் குழாய் வழியே நல்ல தண்ணீர் கொண்டுவந்தவர். அதற்காகச் சேர வேண்டிய பணத்தையும் வேண்டாம் என்று சொன்னவர். அவர் ஓர் உருளைக்குள் மணலை நிரப்பி, ஜலத்தை விட்டு அளந்து பார்த்தார். முடிவை 1856-இல் வெளியிட்டார். விஷயம் எளிமையானது: ஜலமட்டத்தின் சரிவு இரட்டித்தால் ஓட்டமும் இரட்டிக்கும். எவ்வளவு வேகமாக ஓடும் என்பது அந்த மண்ணின் குணத்தைப் பொறுத்தது. அந்தக் குணத்துக்கு நீர் கடத்தும் திறன் என்று பெயர்.

இந்த ஒரே ஒரு எண்தான் எல்லாத் தொந்தரவுக்கும் மூலம். நல்ல சரளைக் கல்லுக்கும் விரிசலே இல்லாத பாறைக்கும் இந்த எண்ணில் பத்து லட்சம் கோடி மடங்கு வித்தியாசம் இருக்கலாம். அதாவது 1 போட்டு 13 பூஜ்யம். இயற்கையில் இவ்வளவு அகலமாக மாறும் குணங்கள் மிகக் குறைவு. அதுவும் நாம் அளக்க முடிவது துளை போட்ட இடத்தில் மட்டுமே. நூறு ஏக்கரில் ஐந்து துளை போட்டிருந்தால், மீதி இடமெல்லாம் நமக்கு இருட்டு.

சராசரி எப்படி ஏமாற்றுகிறது

ஓர் உதாரணம் சொல்கிறேன். பேனா உள்ளவர்கள் போட்டுப் பாருங்கள். சம கனமுள்ள இரண்டு அடுக்குகள். ஒன்றின் கடத்தும் திறன் நாளொன்றுக்கு 1 மீட்டர். மற்றது அதில் நூறில் ஒரு பங்கு, அதாவது 0.01. ஜலம் அடுக்குகளின் நீளவாக்கில் ஓடினால் மொத்தத் திறன் 0.505. அதுவே அடுக்குகளைக் குறுக்கே கடந்து போக வேண்டுமானால் சுமார் 0.02 மட்டும்தான். அதே கல், அதே அளவு; போகும் திசை மாறியதும் 25 மடங்கு வித்தியாசம். சதுரங்கப் பலகையைப் போல இரண்டையும் கட்டம் கட்டமாக அடுக்கினால் விடை சரியாக 0.1 என்று கணித மேதைகள் நிரூபித்திருக்கிறார்கள்.

பாதிக்குப் பாதி கலவைதான் மூன்றிலும். கூட்டி வகுத்தால் மூன்றுக்கும் ஒரே சராசரிதான் வரும். ஆகவே என்ன கலந்திருக்கிறது என்பது மட்டும் தெரிந்தால் போதாது. எங்கே எல்லை, எது எதோடு சேர்ந்திருக்கிறது என்பதுதான் முக்கியம்.

ரேண்டம் ஃபீல்டு என்றால் என்ன

தெரியாத இடத்தை எப்படி நிரப்புவது? இதற்கு முதலில் வழி தேடியவர்கள் சுரங்கக்காரர்கள். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்க இஞ்சினீயர் டேனியல் கிரிகே, 1951-இல் சில துளைகளின் மாதிரியை வைத்து நடுவில் உள்ள தங்கத்தை மதிப்பிடும் முறையை எழுதினார். பிரான்ஸில் ஜார்ஜ் மாத்தரோன் அதற்கு முறையான கணித ரூபம் கொடுத்தார். ஆலன் ஃப்ரீஸ் 1975-இல் நிலத்தடி ஜலத்துக்கு இந்த நிச்சயமின்மையைப் பொருத்தி, ஒரே ஒரு விடையைச் சொல்லும் வழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்று எடுத்துக்காட்டினார்.

ரேண்டம் ஃபீல்டு என்பதைத் தற்செயல் களம் என்று சொல்லலாம். புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு தாயக்கட்டையை உருட்டி விழுந்த எண்ணை எழுதுகிறோம். ஆனால் ஒரு நிபந்தனை: பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் தாயம் ஒன்றையொன்று அனுசரித்து விழ வேண்டும். அப்படி எழுதினால் எண்கள் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். கும்பகோணத்து வண்டலுக்கு இது பொருந்தும். வெகு காலம் எல்லோரும் உபயோகித்தது இந்த வழவழப்பான களத்தைத்தான். கணக்குப் போட சுலபம் என்பதும் ஒரு காரணம்.

பாறைக்கு இது உதவாது. பாறை, மார்கழி மாதத்துக் கலர்ப்பொடிக் கோலம் மாதிரி. ஒரு கட்டத்துக்குள் ஒரே சிவப்பு. கோட்டைத் தாண்டினால் பச்சை. நடுவில் கலப்பு இல்லை. அதுவும் அந்தக் கோடு எங்கே போகிறது என்பதே நமக்குத் தெரியாது. ஆகவே தாயத்தை இரண்டு தரம் உருட்ட வேண்டும்: கோடு எங்கே என்பதற்கு ஒரு தரம், கட்டத்துக்குள் என்ன நிறம் என்பதற்கு இன்னொரு தரம். இதற்குத்தான் தொடர்ச்சியற்ற ரேண்டம் ஃபீல்டு என்று பெயர். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரியா பார்த், ஆண்ட்ரியாஸ் ஸ்டைன் இருவரும் 2018-இல் வெளியிட்ட கட்டுரையில், வழவழப்பான களத்தின்மேல் இப்படித் தாவும் பகுதியைச் சேர்த்து அதில் ஓட்டத்தைக் கணக்கிடும் முறையை ஆராய்ந்திருக்கிறார்கள். அந்தக் கணிதம் முழுவதும் எனக்குப் புரிந்தது என்று பொய் சொல்ல மாட்டேன், கருத்து புரிந்தது.

சீட்டாட்டத்தில் பிறந்த உபாயம்

களம் தயாரானால் என்ன செய்வது? 1946-இல் ஸ்டானிஸ்லா உலாம் என்ற கணித மேதை நோயிலிருந்து தேறிவந்த சமயம், பொழுதுபோக்காகத் தனியாகச் சீட்டாடிக்கொண்டிருந்தார். ஓர் ஆட்டம் ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு என்று சூத்திரத்தில் கண்டுபிடிக்கப் பார்த்தார், முடியவில்லை. பேசாமல் நூறு தரம் ஆடி எத்தனை ஜெயித்தது என்று எண்ணினால் போதுமே என்று தோன்றிற்று. மாண்டி கார்லோ முறை இப்படித்தான் பிறந்தது.

நம் விஷயத்திலும் அதே உபாயம்தான். கம்ப்யூட்டரில் பாறையின் வரைபடம் ஒன்றைத் தாயம் உருட்டிப் போடு. டார்ஸியின் விதிப்படி அதில் ஜலத்தை ஓடவிடு. நாம் துளை போட நினைக்கும் இடத்தில் ஜலம் வருகிறதா என்று பார். இப்படி ஆயிரம் வரைபடங்கள். ஏற்கெனவே போட்டிருக்கும் போர்களின் விவரத்துக்கு ஒவ்வாத வரைபடங்களைத் தள்ளிவிடு. மிச்சத்தில் எத்தனையில் ஜலம் வந்தது என்று எண்ணு. உதாரணத்துக்கு, மிஞ்சிய நூறில் முப்பதில் வந்தால், வாய்ப்பு நூற்றுக்கு முப்பது.

ஒரு கஷ்டம் உண்டு. விடையின் துல்லியம் பத்து மடங்கு கூட வேண்டுமானால், வரைபடங்கள் நூறு மடங்கு வேண்டும். கோடுகள் தாவும் இடத்தில் கணக்கை நுணுக்கமாகவும் போட வேண்டும். 2008-இல் ஆக்ஸ்ஃபோர்டின் மைக் ஜைல்ஸ் நல்ல வழி ஒன்றை எழுதினார்: ஆயிரக்கணக்கில் போடுவதைக் கரடுமுரடாகப் போடு, நுணுக்கமாகப் போடுவது கொஞ்சமாக இருக்கட்டும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொண்டு திருத்திக்கொள். நிதித் துறைக் கணக்குக்காக அவர் எழுதியதை நிலத்தடி ஜலத்துக்கும் பின்னால் எடுத்துக்கொண்டார்கள்.

இங்கேதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். ஆயிரம் வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சராசரி எடுத்தால் என்ன வரும்? எல்லாக் கோடுகளும் கலைந்து, எங்கும் மங்கலான ஒரே நிறம். எந்த இடத்தில் துளை போட்டாலும் கொஞ்சம் ஜலம் வரும் என்று அந்தப் படம் சொல்லும். அப்படி ஒரு பாறை உலகத்தில் எங்கும் இல்லை. மூன்று போரில் இரண்டு வறண்டு ஒன்றில் 3 இஞ்சு வந்தால் சராசரி ஒரு இஞ்சு. ஆனால் அந்த ஒரு இஞ்சு மூவரில் யாருக்குமே கிடைக்கவில்லை. 2017-இல் நான் பொதுக்குழுவுக்குக் காட்டியது இப்படி ஓர் இல்லாத பாறையை.

என் இரண்டாவது தப்பு

இன்னொரு தப்பு அதைவிட மோசம். நான் ஆறு கட்டடங்களில் கேட்டது ஓடிக்கொண்டிருந்த போர்களைப் பற்றி. மோட்டார் ஓடினால் சத்தம் கேட்கிறது, குழாய் தெரிகிறது. நாமும் போய்க் கேட்கிறோம். வறண்ட துளையைப் பற்றி யார் பேசுகிறார்கள்? மேலே ஒரு கல்லை வைத்து மூடி, பூந்தொட்டியையும் வைத்துவிடுகிறார்கள். பிற்பாடு துருவித் துருவி விசாரித்தபோது, அந்த ஆறு கட்டடங்களுக்குள்ளேயே ஐந்து வறண்ட துளைகள் இருப்பது தெரிந்தது. அவற்றையும் சேர்த்திருந்தால் நான் எழுந்து நின்று பேசியே இருக்க மாட்டேன். நீரோட்டம் பார்ப்பவரின் புகழும் இப்படித்தான் வளர்கிறது. பலித்ததை ஊரெல்லாம் சொல்கிறோம். பலிக்காததை விதி என்று விட்டுவிடுகிறோம்.

இந்த வறண்ட துளைக்கு இன்னொரு முகமும் உண்டு. 2019 அக்டோபர் கடைசியில், தீபாவளி சமயம், மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை மூடாத ஆழ்துளைக் கிணற்றில் விழுந்ததை நாம் எல்லோரும் டெலிவிஷனில் பார்த்தோம். பக்கத்தில் இணையாக ஒரு குழி தோண்டி எடுக்கப் பார்த்தார்கள். நடுவில் எதிர்பாராத கடினப் பாறை வந்து வேலை நின்று நின்று நடந்தது. நாலு நாள் போராடியும் குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. மேலிருந்து பார்த்தால் ஒரே மண். அடியில் பாறை எங்கே தாவும் என்று யாருக்கும் தெரியாது.

அந்தச் செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் 1,100 அடித் துளை ஞாபகம் வந்தது. செருப்பைக்கூடப் போடாமல் கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். இரண்டு வருஷமாக ஒரு கோணிப்பையும் அதன்மேல் ஒரு பலகைக் கல்லும்தான் இருந்தன. பத்தடி தள்ளிக் குழந்தைகள் ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தார்கள். கல் சற்று நகர்ந்திருந்தது. மறுநாளே ஆளைக் கூப்பிட்டுக் கேசிங் குழாயின் வாயில் இரும்புத் தகட்டை வைத்து வெல்டிங் செய்யச் சொன்னேன். கைவிட்ட போரை அடி முதல் மேல்வரை மண், மணல், கல் போட்டு நிரப்ப வேண்டும் என்று 2010-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. அது எனக்குத் தெரியாது. எங்கள் நிர்வாகக் குழுவில் யாருக்குமே தெரிந்திருக்கவில்லை.

2024-ஆம் வருஷம்

2024 மார்ச் மாதம் இந்த ஊரில் இருந்தவர்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நகரத்தில் அரசாங்கத்தின் 13,900 போர்களில் 6,900 வறண்டுவிட்டதாக அரசாங்கமே சொன்னது. பல்துலக்கக்கூட ஜலத்தை எண்ணி எண்ணிச் செலவழித்தோம். எங்கள் பொதுக்குழுவில் மறுபடியும் தீர்மானம் வந்தது: மூன்றாவது போர், இந்தத் தரம் 1,500 அடி.

நான் எழுந்து 2017-இல் செய்த இரண்டு தப்புகளையும் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். பிறகு மூன்று விஷயங்களை வைத்தேன்.

முதலாவது, ஆழம் போனால் ஜலம் நிச்சயம் என்ற நம்பிக்கை. ஹைதராபாத்துக்குத் தெற்கே மகேஸ்வரம் என்ற இடத்தில், தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனமும் பிரான்ஸ் தேசத்துப் புவியியல் நிபுணர்களும் சேர்ந்து கிரானைட் பாறையைப் பல வருஷங்கள் ஆராய்ந்தார்கள். ஜலம் தரும் விரிசல்கள் பெரும்பாலும் மேலேயுள்ள சில பத்து மீட்டர்களில்தான். கீழே போகப் போக அவை அரிதாகின்றன என்று கண்டார்கள். ஆழத்தில் விரிசலே இல்லை என்பதல்ல; எதிர்ப்படும் வாய்ப்பு குறைவு, அப்படியே கிடைத்தாலும் அது மறுபடி நிரம்ப வெகு காலம் பிடிக்கும்.

இரண்டாவது, சராசரியை எங்கே நம்பலாம் என்பது. பல சிறு சிறு நிகழ்ச்சிகள் கூடி வரும் இடத்தில் சராசரி நல்ல துணை. மழை அப்படி. இந்த ஊரில் வருஷத்துக்குச் சுமார் 970 மில்லிமீட்டர் மழை, ஐம்பது அறுபது நாள்களில் பிரிந்து பெய்கிறது. ஒரு நாள் ஏமாற்றினாலும் இன்னொரு நாள் ஈடுகட்டும். ஒரே தாவலில் எல்லாம் தீர்மானமாகும் இடத்தில் சராசரி உதவாது. போர்வெல் அப்படி, ஒரே உருட்டு, ஒன்று தாயம் அல்லது பூஜ்யம். பெரிய நிறுவனம் ஆயிரம் போர் போட்டால் மொத்தத்தில் இத்தனை தேறும் என்று கணக்குப் போடலாம். அதுவும் முழுக்கச் சரியல்ல. மழை பொய்த்து ஜலமட்டம் இறங்கும் வருஷம் எல்லாப் போரும் சேர்ந்தாற்போல் வறளும் என்பதை 2024 காட்டிவிட்டது. ஒரே ஒரு போர் போடும் நமக்கோ அந்த ஆறுதலும் இல்லை.

மூன்றாவது, கணக்கு. எங்கள் மொட்டைமாடி 12,000 சதுர அடி. 970 மில்லிமீட்டர் மழையில் ஐந்தில் நாலு பங்கு பிடித்தாலும் வருஷத்துக்குச் சுமார் 8 லட்சத்து 65 ஆயிரம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கரில் 72 லோடு. 48 வீடுகளின் வருஷத் தேவைக்கு இது போதாதுதான். ஆனால் ஐந்து லட்சம் ரூபாயை எதில் போட்டால் கைக்கு நிச்சயமாக எவ்வளவு வரும் என்று ஒப்பிடலாம் அல்லவா?

சுலபமாக முடியவில்லை. "குடிக்க ஜலம் இல்லாதபோது மழையைப் பற்றி லெக்சர் அடிக்கிறார்" என்றார் ஓர் இளைஞர். நியாயமான கோபம், அவர் அகத்தில் கைக்குழந்தை. கடைசியில் சிறு வித்தியாசத்தில் மூன்றாவது போர் வேண்டாம் என்று முடிவாயிற்று. மாடி ஜலம் சம்ப்புக்கும், மிகுந்தது மீள்நிரப்புக் கிணறுகளுக்கும் போக ஏற்பாடு செய்தோம். கிணறு வெட்டியவர்கள் மண்ணு வட்டர் என்று அழைக்கப்படும் பாரம்பரியக் கிணறு வெட்டும் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். மண்ணை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தே, "இது குடிக்கும், இது குடிக்காது" என்று சொன்னார்கள். டார்ஸியின் எண் அவர்கள் விரல் நுனியில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

பலன் என்ன என்று கேட்பீர்கள். பழைய போர் மழைக்குப் பிறகு சில மாதங்கள் ஓடுகிறது, கோடையில் நின்றுவிடுகிறது. டேங்கர் குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை. காவேரி ஐந்தாவது கட்டம் 2024 அக்டோபரில் திறக்கப்பட்டு, 110 கிராமங்களாக இருந்த புறநகர்ப் பகுதிகளுக்கென நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் திட்டமிடப்பட்டிருக்கிறது. அதுவும் 100 கிலோமீட்டர் தள்ளியிருந்து மேடேற்றி வரும் ஜலம்தான். கைக்கு எளிதாக வருவதல்ல.

கேட்டுக்கொள்வது

பெங்களூரு, ஹைதராபாத், கோயம்புத்தூர், சேலம் என்று பாறை பூமியில் வசிக்கும் அங்கத்தினர்களுக்குச் சில வேண்டுகோள்கள்.

போர் போடுமுன் மின்தடை சோதனை செய்யச் சொல்லுங்கள். வருபவரிடம் "ஜலம் வருமா, வராதா" என்று கேட்காதீர்கள். "பத்துக்கு எத்தனை வாய்ப்பு" என்று கேளுங்கள். சத்தியமாக வரும் என்று சொல்பவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

உங்கள் தெருவின் எல்லாத் துளைகளையும், முக்கியமாக வறண்டவற்றை, ஆழத்தோடும் வருஷத்தோடும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தோல்வியை மறைப்பதில் கௌரவம் ஒன்றுமில்லை. நம் வறண்ட துளை அடுத்த வீட்டுக்காரரின் நாலு லட்சத்தைக் காப்பாற்றும்.

வறண்ட துளையை உடனே நிரப்புங்கள் அல்லது இரும்பு மூடி போட்டு வெல்டிங் செய்யுங்கள். இன்று வீட்டுக்குப் போனதும் முதல் காரியமாக இதைப் பாருங்கள். மற்றதெல்லாம் நாளைக்கு இருக்கட்டும்.

அந்த மாமியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறேன். 2024 பொதுக்குழு முடிந்து வெளியே வரும்போது, "இந்தத் தரம் தெரியாதுன்னு சொன்னேளே, அதுதான் நன்னாயிருந்தது" என்றார். கணக்குப் படித்தவன் சொல்ல வேண்டியது வெறும் "தெரியாது" அல்ல; எவ்வளவு தெரியாது என்பது. அதைச் சொல்லக் கற்றுக்கொள்ள எனக்கு எழுபது வயதாயிற்று. உங்களுக்கு அவ்வளவு காலம் ஆக வேண்டாம்.